சித்தப்பாவின் போனுக்குப் பேசத் தெரியும்

கண் தெரியாதவருக்கு நல்ல போன் ஒன்று வாங்கிக் கொடுத்துவிட்டால் போதும், மிச்சத்தை அது பார்த்துக்கொள்ளும் என்று யாராவது சொன்னால் இப்போதெல்லாம் என்னால் தலையாட்ட முடிவதில்லை. போன் பேசும். தமிழில் பேசும், மலாயில் பேசும், ஆங்கிலத்தில் பேசும். ஆனால் அது பேசுவதற்கு ஏதாவது இருக்க வேண்டுமே! நாம் ஒரு செய்தியை எந்த உருவத்தில் அனுப்புகிறோமோ அதைப் பொறுத்துத்தான் அது வாய் திறக்கும். மலேசியாவில் சுங்கை சிப்புட்டில் இருக்கும் என் சித்தப்பாவுக்கு நடந்ததைப் பார்த்ததிலிருந்து இந்த விஷயம் மனதை விட்டு இறங்க மறுக்கிறது. எழுதிவிட்டாலாவது கொஞ்சம் ஆறுமா என்று பார்க்கிறேன்.

சித்தப்பா தோட்டத்து லோரி ஓட்டியவர். செம்பனைக் குலைகளை ஏற்றிக்கொண்டு மில்லுக்குப் போவதும் வருவதுமாகவே அவருடைய வேலைக்காலம் கழிந்தது. தோட்டம் கைமாறி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயங்களை இடித்தபோது எல்லோரையும்போல அவரும் டவுனுக்குப் பக்கத்தில் ஒரு தாமானில், அதாவது குடியிருப்புப் பகுதியில், வீடு பிடித்து வந்தார். அன்று அடுத்தடுத்த வீட்டில் இருந்தவர்கள் இன்று ஈப்போ, கோலகங்சார், சிங்கப்பூர் என்று எங்கெங்கோ இருந்தாலும் வாட்ஸ்அப் குழுவில் பழைய லயம் அப்படியே இருக்கிறது. கல்யாணம், காதுகுத்து, கோயில் திருவிழா, சாவு எல்லாம் அதில்தான் வரும். இதைப் படிக்கிற பலருக்கும் இப்படி ஒரு குழு இருக்கும்.

ஒரு நாள் காலை அந்தக் குழுவில் ஒரு படம் வந்தது. சித்தப்பாவின் போன் ‘ஃபோட்டோ’ என்றது. அவ்வளவுதான். அப்புறம் செய்திகள் கொட்ட ஆரம்பித்தன. ஆர், ஐ, பி. ஆழ்ந்த அனுதாபங்கள். அழும் முகம், அழும் முகம், கூப்பிய கைகள். ஓம் சாந்தி. யாரோ போய்விட்டார்கள் என்று தெரிந்துவிட்டது. யார் என்று ஒருவரும் எழுதவில்லை. மேலே படத்தில் பெயர் இருக்கும்போது அவர்கள் ஏன் எழுதப் போகிறார்கள்? ‘யாருப்பா போனது?’ என்று சித்தப்பா குரல் பதிவு போட்டார். அனுதாபங்களுக்கு நடுவில் அது மேலே போய்விட்டது. தெரிந்தவர்களுக்குப் போன் அடித்தார். சாவு வீட்டில் நிற்பவர்கள் எங்கே போனை எடுப்பார்கள்? சித்தி பள்ளிக்கூடக் கேன்டீனில் வேலை செய்கிறார், மூன்று மணிக்குத்தான் வீடு திரும்புவார். வந்து போனை வாங்கிப் பார்த்தவர் ‘ஐயோ’ என்று அப்படியே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாராம். போனவர் சித்தப்பாவோடு ஒரே லயத்தில் வளர்ந்தவர், அவருடைய லோரியிலேயே குலை ஏற்றியவர். மதியம் இரண்டு மணிக்கு எடுத்துவிட்டிருந்தார்கள்.

அந்தப் படம் என் போனிலும் இருக்கிறது. ரோஜாப்பூ வளையம், பின்னால் மேகம், இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, நடுவில் ஐசி என்கிற அடையாள அட்டையின் படத்தைப் பெரிதாக்கிப் போட்டிருந்தார்கள். பெயர், வயது, வீட்டு எண், எடுக்கும் நேரம் எல்லாம் தங்க நிற எழுத்தில். பார்க்கிறவர்களுக்கு ஒரு குறையும் வைக்காத வேலை. அதைச் செய்த பையன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. விடியற்காலையில் எழுந்து உட்கார்ந்து, இறந்தவருக்கு மரியாதையாக இருக்க வேண்டும் என்று செய்திருக்கிறான். ஆனால் கூடப் பிறக்காத தம்பி மாதிரி இருந்தவருக்கு ஒரு பிடி வாய்க்கரிசி போட முடியாமல் சித்தப்பா வீட்டிலேயே உட்கார்ந்திருந்தார், கையில் பேசுகிற போனை வைத்துக்கொண்டு. அதைத்தான் என்னால் சீரணிக்க முடியவில்லை.

சர்க்கரை கொண்டுபோன பார்வை

2019ஆம் ஆண்டு தேசிய சுகாதார ஆய்வின்படி மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு நீரிழிவு. இந்தியர்களை மட்டும் எடுத்தால் 31.4 விழுக்காடு. மூன்றில் ஒருவர் என்றே வைத்துக்கொள்ளலாம். நம் வீடுகளில் சர்க்கரை இல்லாத வீட்டைத்தான் தேட வேண்டியிருக்கிறது, அதனால் அதைப்பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. கண்ணைப்பற்றி மட்டும் சொல்கிறேன். விழித்திரையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்கள் சர்க்கரையால் பழுதாகிக் கசியும். பிறகு புதிதாக முளைக்கும் குழாய்கள் அதைவிடப் பலவீனமானவை, அவை உடைந்து கண்ணுக்குள் ரத்தம் பரவும். இதில் வலியே இருக்காது. பார்வை நன்றாக இருக்கிற காலத்திலேயே உள்ளே எல்லாம் நடந்துகொண்டிருக்கும். அதனால்தான் கிளினிக்கில் வருடத்துக்கு ஒரு முறை கண்ணுக்குள் படம் எடுக்க வரச் சொல்கிறார்கள். ‘ரோடு நல்லாத்தானே தெரியுது, எதுக்கு?’ என்று சித்தப்பா தள்ளிப்போட்டார். பிறகு லேசர் வைத்தார்கள், ஊசி போட்டார்கள். இப்போது ஒரு கண்ணில் வெளிச்சமும் இருட்டும் தெரிகிறது, இன்னொன்றில் அதுவும் இல்லை.

‘பிரெயில் கற்றுக்கொள்ளலாமே’ என்று கேட்டவர்கள் நிறைய. நல்ல மனதோடுதான் கேட்டார்கள். சிறு வயதிலேயே பார்வை இழந்தவர்களுக்குப் பிரெயிலுக்கு ஈடாக எதுவும் இல்லை என்றுதான் நானும் நினைக்கிறேன். விரலால் தடவிப் படிக்கும் ஆறு புள்ளிகளில் உலகத்து மொழிகள் பலவும் அடங்கியிருக்கின்றன, பாரதி பிரெயில் முறையில் தமிழும் இருக்கிறது. ஆனால் கண்ணைக் கெடுத்த சர்க்கரை விரல் நுனி நரம்பை மட்டும் விட்டுவைக்குமா? சித்தப்பாவுக்கு விரல் மரத்துப்போய்ச் சட்டைப் பொத்தானே சரியாகப் பிடிபடுவதில்லை. ஐம்பது வயதுக்கு மேல் நீரிழிவால் பார்வை போனவர்களில் பலருக்கு இதே நிலைதான். அவர்களுக்கு மிஞ்சுவது காது ஒன்றுதான்.

உதவி கிடைக்கும் இடங்கள் நாட்டில் இல்லாமல் இல்லை. மலேசியப் பார்வையற்றோர் சங்கம் 1951இலிருந்து இருக்கிறது, தலைமையகம் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில். பினாங்கின் செயின்ட் நிக்கோலஸ் இல்லம் 1926இல் மலாக்காவில் தொடங்கியது. சமூக நல இலாகாவில் பதிந்து மாற்றுத்திறனாளிகளுக்கான ஓகேயு அட்டையும் எடுத்தாயிற்று. ஆனால் தோட்டத்து டவுனில் இருக்கிற ஒருவருக்கு இவையெல்லாம் பஸ்ஸும் ரயிலும் பிடித்துப் போக வேண்டிய தூரத்தில் இருக்கின்றன, கூடப் போகிறவரின் ஒரு நாள் சம்பளத்தையும் சேர்த்து யோசிக்க வேண்டும். கடைசியில் சித்தப்பாவுக்குக் கற்றுக்கொடுத்தது பிரிக்பீல்ட்ஸில் இருக்கும் ஒரு தம்பி, அவரும் பார்வையற்றவர்தான். தெரிந்தவர் மூலம் அறிமுகம். ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு கூப்பிட்டு, சித்தியின் போனில் பேசிக்கொண்டே சித்தப்பாவின் போனைத் தடவ வைப்பார். ‘ஐயா, விரலை மேலேர்ந்து கீழே மெதுவா இறக்குங்க. என்ன சொல்லுது? இல்லை, அவசரப்படாதீங்க.’ கண் தெரிந்த நாங்கள் சொல்லிக்கொடுத்தபோது ‘அந்தப் பச்சை பட்டன்’ என்றே வாயில் வந்தது. அந்தத் தம்பிக்கு அப்படி வராது.

போன் என்ன செய்யும், எங்கே திணறும்

ஆண்ட்ராய்டு போனில் டாக்பேக் என்ற வசதி உள்ளேயே இருக்கிறது, தனியாகக் காசு கொடுக்க வேண்டியதில்லை. விரல் படுகிற இடத்தில் என்ன இருக்கிறதோ அதைச் சொல்லும், இரண்டு முறை தட்டினால் திறக்கும். கணினியில் இதே வேலையைச் செய்வது என்விடிஏ. ஆஸ்திரேலியாவில் மைக்கேல் கரன் என்ற பார்வையற்ற இளைஞர் 2006இல் தொடங்கி, ஜேம்ஸ் தே என்ற இன்னொரு பார்வையற்றவரோடு சேர்ந்து வளர்த்த மென்பொருள் அது. இன்றுவரை இலவசம். அதோடு வரும் ஈஸ்பீக் குரல் இயந்திரம் மாதிரிதான் ஒலிக்கும், ஆனால் தமிழும் தெரியும், மலாயும் தெரியும், வேகமாக ஓட்டினாலும் தெளிவு அவ்வளவாகக் குறையாது. சித்தப்பா போனில் கேட்கிற வேகம் எனக்குப் பிடிபடவே இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து கேட்டால் தகரத்தில் மழை பெய்கிற மாதிரி இருக்கும். அவர் அதைக் கேட்டுக்கொண்டே ‘ரமேசு வீட்டுல பூசையாம், வெள்ளிக்கிழமை’ என்பார்.

இந்த வேகத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. கண் தெரியாதவருக்குக் குரல் பதிவு அனுப்புவதுதான் பெரிய உதவி என்று நம்மில் பலர் நினைக்கிறோம். சித்தப்பாவுக்கு அது அவ்வளவாகப் பிடிக்காது. நலம் விசாரிக்கக் குரல் நல்லதுதான், மனுசன் குரலைக் கேட்க யாருக்குத்தான் ஆசை இருக்காது. ஆனால் கோயில் கூட்டம் எத்தனை மணிக்கு என்று தெரிந்துகொள்ள, நாலு நிமிடப் பதிவில் மோட்டார் சத்தம், பிள்ளை அழுகை, ‘அப்புறம் என்ன சொல்ல வந்தேன்’ எல்லாவற்றையும் தாண்டிப் போக வேண்டும். மறுபடி அந்த நேரத்தை மட்டும் கேட்க வேண்டுமானால் முதலிலிருந்து வர வேண்டும். அதையே இரண்டு வரி எழுதி அனுப்பினால் மூன்று நொடியில் கேட்டு முடித்துவிடுவார். வேண்டுமானால் எழுத்து எழுத்தாக நிறுத்திக் கேட்பார். எழுத்து நமக்கு எப்படி வசதியோ அவருக்கும் அப்படித்தான்.

ஆனால் அந்த எழுத்து எழுத்தாக வர வேண்டும். படமாக வந்தால் என்ன ஆகும் என்று சொல்லிவிட்டேன். இன்னொரு தொல்லை பழைய எழுத்துரு. நம் அச்சகங்களில் பாமினி போன்ற எழுத்துருக்களில் அடிக்கிற வழக்கம் இன்னும் போகவில்லை. கண்ணுக்குத் தமிழாகத் தெரியும், உள்ளே இருப்பது ஆங்கில எழுத்து. பாமினியில் ‘அம்மா’ என்று அடித்த கோப்பைத் திறந்தால் சித்தப்பாவின் மகன் கணினியில் என்விடிஏ என்ன படிக்கும் தெரியுமா? எம், கே, அரைப்புள்ளி, கே, எச். கோயில் ஆண்டறிக்கை முழுக்க இப்படித்தான் போகும். எல்லாக் கருவிகளுக்கும் பொதுவான யுனிகோடு முறையில் தமிழ் 1991இலிருந்தே இருக்கிறது. பல வருடம் அந்தக் கோயிலின் பொருளாளராக இருந்தவர் சித்தப்பா. தான் கையால் எழுதிவந்த கணக்கு இன்று எம் கே அரைப்புள்ளியாக வருவதை அவர் உட்கார்ந்து கேட்டிருக்கிறார்.

மூன்றாவதுதான் பெரியது. ரோமன் எழுத்தில் தமிழ். நம் நாட்டில் நான் பார்க்கிற வாட்ஸ்அப் தமிழில் பாதிக்கு மேல் அதுதான். இதை வைத்து இளையவர்களைத் திட்ட நான் வரவில்லை. தேசியப் பள்ளியில் படித்த பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்ப்பள்ளியில் படித்தும் போனில் தமிழ் விசைகளைத் தேடப் பொறுமை இல்லாதவர்களும் இருக்கிறார்கள். வீட்டில் தமிழ் பேசுகிறார்களே, அது பெரிது. ஆனால் போனுக்கு அது தமிழ் என்று எப்படித் தெரியும்? ஆங்கில எழுத்தைப் பார்த்ததும் ஆங்கிலக் குரலை எடுத்துக்கொள்கிறது. நாளை என்பதை என், ஏ, எல், இ என்று போட்டால் ‘நேல்’ என்று வாசிக்கிறது. இங்கே என்பது ‘இஞ்ச்’ ஆகிறது. அண்ணே என்று மரியாதையாக ஆரம்பித்தால் ஏதோ வெள்ளைக்காரப் பெண்ணைக் கூப்பிடுவதுபோல ‘ஆன்’ என்கிறது. ‘ஆன், நேல் இஞ்ச்’ என்று வந்தால் என்ன செய்வது? சித்தப்பா ரொம்ப நாள் அந்தச் செய்திகளை அப்படியே தள்ளிவிட்டுக்கொண்டிருந்தார். அவருடைய பேரப்பிள்ளைகள், அண்ணன் தம்பி பிள்ளைகள் எழுதுவது எல்லாமே அந்த வகைதான். தூரத்துப் பழக்கக்காரர்கள் எழுதியது புரிந்தது, சொந்தப் பிள்ளைகள் எழுதியது புரியவில்லை.

மலாய்க் குரல்

இதற்கு வழி கண்டுபிடித்தது நாங்கள் யாரும் இல்லை. சித்தப்பாதான். அதுவும் தேடிப் போய்க் கண்டுபிடித்தது இல்லை.

சமூக நல இலாகாவிலிருந்து மலாயில் ஒரு செய்தி வந்திருக்கிறது. ஆங்கிலக் குரல் மலாயைக் கடித்துத் துப்பியதால், பிரிக்பீல்ட்ஸ் தம்பி சொல்லிக்கொடுத்த மாதிரி அமைப்புக்குள் போய் மலாய்க் குரலுக்கு மாற்றிக் கேட்டிருக்கிறார். கேட்டுவிட்டுத் திரும்ப மாற்ற மறந்துவிட்டார். அன்று சாயங்காலம் என் தம்பி மகள், இடைநிலைப் பள்ளியில் படிவம் நான்கு படிக்கிறவள், வழக்கம்போல ரோமன் எழுத்தில் ஒரு செய்தி அனுப்பியிருக்கிறாள். அதை மலாய்க் குரல் வாசித்தது. ‘தாத்தா, நாலெ நாங்ஙெ வரொம்’ என்கிற மாதிரி. கொச்சைதான், ழகரமும் ளகரமும் ஒன்றுதான், நெடில் குறில் எல்லாம் கலைந்துதான் கிடந்தது. ஆனால் தமிழ்! சித்தப்பா திரும்பத் திரும்பத் தட்டிக் கேட்டிருக்கிறார். பிறகு பழைய செய்திகளுக்கு மேலே போக ஆரம்பித்தார். அந்தப் பிள்ளையின் பழைய வாழ்த்துகள், பரீட்சை முடிவு, நாய்க்குட்டிக்குப் பெயர் கேட்டது, ‘தாத்தா ஏன் பதில் போடமாட்டேங்கிறீங்க’ என்று எப்போதோ கேட்டிருந்தது.

எனக்கு ராத்திரி பத்து மணிக்கு மேல் போன் வந்தது. அந்த நேரத்தில் சுங்கை சிப்புட்டிலிருந்து போன் வந்தால் நல்ல செய்தியாக இருக்காதே என்று பயந்துகொண்டே எடுத்தேன். ‘மா, மலாய்க்காரன் நம்ம தமிழ நல்லாப் படிக்கிறாம்மா’ என்றார். முதலில் எனக்குப் புரியவில்லை. அவரே விளக்கினார். பிறகு அவர் போனைப் பக்கத்தில் வைத்து வாசிக்க விட்டு எனக்குக் கேட்கக் கொடுத்தார். அந்தச் சந்தோசத்தை நான் அவர் குரலில் கேட்டு ரொம்பக் காலம் ஆகியிருந்தது.

யோசித்துப் பார்த்தால் இதில் அதிசயம் இல்லை. மலாயை எழுதுகிறபடியே கிட்டத்தட்ட வாசிக்கலாம். ஆங்கிலம் மாதிரி கடைசியில் நிற்கும் எழுத்தை விழுங்காது, ஏ என்ற எழுத்து இடத்துக்கு இடம் அவ்வளவாக மாறி ஒலிக்காது. நாமும் பள்ளியில் முதலில் எழுத்துக்கூட்டிப் படித்த ரோமன் எழுத்து மலாய்தான். அதனால் தமிழை ஆங்கில எழுத்தில் அடிக்கும்போது நம்மை அறியாமலேயே கை மலாய் வழக்கத்துக்குப் போகிறது. தமிழ்நாட்டில் ஒருவர் அடிக்கிற ரோமன் தமிழை இந்தக் குரல் இவ்வளவு நன்றாக வாசிக்குமா என்று எனக்குச் சந்தேகம். பால்மரக்காட்டிலும் செம்பனைக்காட்டிலும் மூன்று மொழிக்கு நடுவில் வாழ்ந்த வாழ்க்கை ஒரு கிழவருக்கு இந்த வடிவத்தில் திரும்பி உதவுகிறது. பிரிக்பீல்ட்ஸ் தம்பியிடம் சொன்னோம். ‘இது எங்க ஆளுங்களுக்குத் தெரிஞ்சதுதான் ஐயா, நான்தான் சொல்ல மறந்துட்டேன்’ என்றார். இதைப் படிக்கிற உங்கள் வீட்டிலும் இப்படி யாராவது இருந்தால் மாற்றிப் பாருங்கள். டாக்பேக்கில் விரலசைவிலேயே குரலின் மொழியை மாற்றலாம்.

அதோடு முடிந்தது என்று சொல்ல மனம் வரவில்லை. தமிழ் எழுத்துக்குத் தமிழ்க் குரல், ரோமன் தமிழுக்கு மலாய்க் குரல், ஆங்கிலத்துக்கு ஆங்கிலக் குரல் என்று செய்திக்குச் செய்தி மாற்றிக்கொண்டிருப்பது அவர்தான். ஒரே வரியில் மூன்றும் கலந்து வந்தால் எந்தக் குரலை வைத்தாலும் ஒரு பகுதி போகும். கண் தெரிந்த நாற்பது ஐம்பது பேர் ஒரு சின்ன மாற்றம் செய்யாமல் இருப்பதற்காக, கண் தெரியாத ஒருவர் நாள் முழுக்க மாற்றிக்கொண்டே இருக்க வேண்டுமா?

அந்தச் சின்ன மாற்றம் உண்மையில் ரொம்பச் சின்னது. கூகுள் விசைப்பலகையில் தமிழைச் சேர்க்கும்போது ஒலிபெயர்ப்பு முறையைத் தேர்ந்தெடுத்தால், இப்போது அடிக்கிற அதே ஆங்கில எழுத்துகளையே அடிக்கலாம், தமிழாக விழும். 2005இலேயே தமிழில் எழுத உதவும் செல்லினத்தைக் கைப்பேசிக்குக் கொண்டுவந்தவர் நம் நாட்டு முத்து நெடுமாறன். அதற்கும் முன்பே கணினியில் அவருடைய முரசு அஞ்சல், ரோமன் விசைகளைத் தட்டித் தமிழ் எழுத வைத்தது. இந்த விஷயத்தில் உலகத் தமிழருக்கே முன்னால் நின்ற நாடு இது. தமிழ் எழுத்துக்கூட்ட வராதவர்கள் மைக்கை அமுக்கிப் பேசலாம், அதுவே எழுதிக்கொள்ளும். கூகுள் குரல் உள்ளீட்டில் தமிழுக்குள்ளேயே மலேசியா என்று தனித் தெரிவு இருக்கிறது, நம் பேச்சுக்காக.

‘ஏஐ வந்துடுச்சே அக்கா’

இதைச் சொன்னபோது குழுவில் ஒருவர் இப்படித்தான் கேட்டார். நியாயமான கேள்வி, அதனால் முழுதாகவே பதில் சொல்கிறேன். கூகுள் லென்ஸ் படத்திலிருந்து தமிழ் எழுத்தை எடுத்துத் தரும். புதிய டாக்பேக்கில் படத்தை விவரிக்கும் வசதியும் வந்திருக்கிறது. பி மை ஐஸ் என்ற செயலி 2015இல் டென்மார்க்கில் தொடங்கியது. கண் தெரியாதவர் வீடியோவில் கூப்பிட்டால் உலகத்தில் எங்கோ இருக்கும் ஒரு தன்னார்வலர் பார்த்துச் சொல்வார். 2023இலிருந்து அதில் செயற்கை நுண்ணறிவும் படத்தைப் பார்த்து விவரிக்கிறது. சித்தப்பாவின் போனில் இவற்றில் சிலவற்றை வைத்தும் கொடுத்திருக்கிறோம், பயன்படுகிறது. மருந்து டப்பா, டின் பால், கரண்டு பில்லுக்கெல்லாம் நல்ல துணை.

ஆனால் அந்தச் சாவு அறிவிப்பை நானே லென்ஸில் போட்டுப் பார்த்தேன். பெயர் வந்தது. வீட்டு எண் வந்தது. மேகத்துக்கு மேலே தங்க நிறத்தில் இருந்த நேரத்தில் ‘மணி’ வந்தது, எத்தனை மணி என்பது வரவில்லை. நாளைக்கு இது சரியாகிவிடும், நம்புகிறேன். அப்படியே சரியானாலும் படத்தைத் திறந்து, பகிர்ந்து, வேறு செயலிக்குக் கொண்டுபோய், காத்திருந்து, கேட்டு, திரும்பி வருகிற வேலை ஒவ்வொரு படத்துக்கும் அவருடையது. ஒரு நாளைக்கு அந்தக் குழுவில் காலை வணக்கப் படங்களே எத்தனை வருகின்றன! அதில் எது சாவு, எது சாமி படம் என்று திறக்கும் முன்பு அவருக்குத் தெரியாது. அனுப்புகிற ஒருவர் படத்துக்குக் கீழே ஒரு வரி எழுதினால் இத்தனையும் மிச்சம். அதுவும் தவறே வராத வரி, ஏனென்றால் எழுதுகிறவருக்கு யார் இறந்தார் என்று தெரியும்.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் தேடினேன். 2008ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் சட்டத்தில் 30ஆம் பிரிவு தகவலும் தொடர்புத் தொழில்நுட்பமும் அவர்களுக்குக் கிடைக்க வேண்டும் என்கிறது. மீறினால் இன்ன தண்டனை என்று அந்தச் சட்டத்தில் வைக்கவில்லை. அச்சில் வந்த நூல்களைப் பார்வையற்றோர் படிக்கும் வடிவத்துக்கு மாற்ற வழிவிடும் மராகேஷ் உடன்படிக்கை 2013இல் கையெழுத்தானது, இந்தியாதான் முதலில் ஏற்றது. மலேசியா 2022இல் சேர்ந்தது. அதை நான் மதிக்கிறேன். ஆனால் தாமான் குழுவில் வருகிற சாவு அறிவிப்புக்கு எந்த உடன்படிக்கையும் வராது, வரவும் கூடாது. அது நமக்குள் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டிய விஷயம்.

பேசினோம். முதலில் அந்தப் போஸ்டர் செய்கிற தம்பியைக் கூப்பிட்டேன். ‘படத்துலயே எல்லாம் இருக்கே அக்கா’ என்றான். வாதாடாமல், சித்தப்பாவின் போன் அந்த நாள் முழுக்கச் சொன்னதை அப்படியே பதிவு செய்து அவனுக்கு அனுப்பினேன். ஃபோட்டோ. ஆர், ஐ, பி. அழும் முகம். கூப்பிய கைகள், கூப்பிய கைகள், கூப்பிய கைகள். கொஞ்ச நேரம் கழித்து அவனே கூப்பிட்டான், குரல் தழுதழுத்திருந்தது. ‘மாமாவுக்கு இப்படியா அக்கா கேக்கும்?’ இறந்தவர் அவனுக்குப் பெரியப்பா முறை. அன்றிலிருந்து போஸ்டரின் அழகு ஒரு துளி குறையவில்லை, கீழே மூன்று வரி தமிழில் வருகிறது. யார், எந்த வீடு, எப்போது எடுக்கிறார்கள். கண்ணில் புரை வந்த பாட்டிமார்களும் அந்தத் தங்க எழுத்தைப் படிக்க முடியாமல்தான் இத்தனை நாள் தவித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் வெளியே வந்தது.

எல்லோரும் மாறிவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. சிலர் இன்னும் ரோமன் எழுத்துதான், சித்தப்பாவும் இன்னும் மலாய்க் குரலுக்கு மாற்றிக்கொண்டுதான் இருக்கிறார். தம்பி மகள் மட்டும் மைக்கில் பேசித் தமிழ் எழுத்தில் அனுப்புகிறாள். கொம்பு, கால் எல்லாம் சரியாக விழுந்திருக்கிறதா என்று அனுப்பும் முன் அவள் படித்துப் பார்ப்பதாக என் தம்பி சொன்னான். தாத்தா பதில் போடுகிறார்.

அடுத்தது கோயில் ஆண்டுக் கூட்டம். அச்சகத்துக்காரர் பழைய எழுத்துருவில்தான் அடிப்பார், அவருக்கு அதுதான் பழக்கம். அந்தக் கோப்பை வாங்கி யுனிகோடுக்கு மாற்றித் தருகிற வேலையை நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன். இலவச மாற்றிகள் இணையத்தில் கிடைக்கின்றன, மாற்றிய பிறகு ஒரு முறை கண்ணால் சரிபார்த்தால் போதும். கமிட்டியும் கூட்டத்துக்கு முன்பே கோப்பைக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டது. போன வருடத் திருவிழாவின் ஜெனரேட்டர் வாடகையில் சித்தப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருக்கிறதாம். கணக்கை முழுதாகக் கேட்டுவிட்டு, கூட்டத்தில் எழுந்து கேட்கப் போவதாக இப்போதே செயலாளரிடம் சொல்லிவைத்திருக்கிறார்.